ஈயச் சட்டியில் போட்ட வெள்ளைக் கட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் தோண்டிக் கேட்டு மானத்தை வாங்க வேண்டாம். பன்னிரண்டு வயசு வரைக்கும் எனக்குப் படிகாரத்துக்கும் வெங்காரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியாததில் ஒன்றும் வெட்கமில்லை. என் வயசுக்காரர்களே, உங்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியும் என்று சொன்னேன் பாருங்கள், அதுதான் வெட்கம். பெரியப்பா முன்னால் காலை அகட்டி நின்றுகொண்டு, "வெங்காரந்தானுங்க பெரியப்பா? பாத்தா அடையாளம் கண்டுக்குவேன்" என்றேன். ஏழாம் வகுப்பை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்த விஞ்ஞானி நான்.

பெயிலானதால்தான் அங்கே இருந்தேன். சோமனூரில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே தறி செட். எட்டுத் தறிச் சத்தத்தில் பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று அப்பா முடிவு செய்தார். கரண்ட் இல்லாத நாளிலும் ஏறவில்லை என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. துடியலூரைத் தாண்டி மலையடிவாரத்தில் பெரியப்பாவுக்குத் தோட்டம் இருந்தது. அங்கே ஒரு வருஷம் இருந்தால் புத்தி வரும் என்று கொண்டுபோய் விட்டார்கள்.

புத்தி வரவில்லை. காட்டுப்பன்றிகள்தான் வந்தன. கடலைக்காட்டுக்குள் இறங்கி, டிராக்டர் ஓட்டின மாதிரி மண்ணைப் புரட்டிப்போட்டுவிட்டுப் போகும். பெரியப்பாவிடம் பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கின துப்பாக்கி ஒன்று இருந்தது. குழாய் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்துக் கெட்டித்து, மேலே ஈயக் குண்டைப் போட்டுச் சுடுகிற பழைய துப்பாக்கி. அதில் எந்தப் பன்றியும் செத்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு தடவை தென்னை மட்டை ஒன்று விழுந்தது. அதுவும் தானாக விழுந்தது என்று பெரியம்மா சொல்வார்.

அந்தப் பங்குனியில் எலெக்‌ஷன் அறிவித்துவிட்டார்கள். எலெக்‌ஷன் என்றால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமைப் பொழுது சாய்வதற்குள் குண்டு ஊற்றி, பன்றிகளுக்கு ஒரு பாடம் சொல்லிவிட வேண்டும் என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

குண்டு ஊற்றத் தெரிந்தவர் எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்தான். வால்பாறை எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். மனைவி அங்கேயே தேயிலை பறித்துக்கொண்டிருக்க, மகளின் படிப்புக்காக மகளோடு கீழே வந்து, மோட்டார் ரூமை ஒட்டின ஓட்டறையில் குடியிருந்தார். மகள் துடியலூரில் பத்தாம் வகுப்பு. பெரிய பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. எனக்கு மூன்று வயசு மூத்தவள். நான் பெயிலானது தெரிந்தும் சிரிக்காத ஒரே ஆள்.

'அவர்' என்று இப்போது எழுதுகிறேன். அப்போது நான் அவரை "வா, போ" என்றுதான் பேசுவேன். அவர் என்னை "வாங்க தம்பி" என்பார். எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள், வாய்க்கு வாய் 'ங்க' போடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சும்போது எனக்கு உள்ளே ஏதோ நெளியும். அந்த 'ங்க' எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியும்.

முன்பு அவர் குடிப்பார். பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் வரப்பில் விழுந்து கிடந்தபோது பெரியப்பா சொல்லியிருந்தார்: "இன்னொருக்கா வாசம் வந்துச்சு, பொட்டியைக் கட்டிக்க. புள்ளை படிக்குது, எழுதுதுன்னு எங்கிட்ட வந்து நிக்கப்படாது." அதோடு சர்ச்சில் போய்ச் சத்தியம் செய்துவிட்டு வந்தார். அப்புறம் தொடவில்லை. மகள் பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் அந்த ஓட்டறை வேண்டும். அது அவருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தவரை, சட்டையைக்கூட மாற்ற விடாமல் பெரியப்பா புளியமரத்தடிக்குக் கூப்பிட்டார். மூன்று கல் அடுப்பு, அதன்மேல் இரும்புச் சட்டி. சட்டிக்குள் டயர்க் கடையில் பொறுக்கின ஈயக்கட்டிகளும், பழைய பைப் ஜாயின்டிலிருந்து நோண்டின துண்டுகளும்.

ஈயம் உருகுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. திடீரென்று கட்டியின் முனை சரிந்து, சட்டியின் அடியில் ஒரு கண்ணாடித் துளி ஓடும். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று உட்கார்ந்துவிடும். மேலே மட்டும் பாலாடை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு ஏடு. அதை அப்படியே வழித்துக் கொட்டினால் நல்ல ஈயமும் கூடவே போய்விடும். மெழுகோ கொழுப்போ எதையாவது போட்டுக் கிண்டினால்தான் அழுக்கு தனியாகப் பிரியும். அவர் தேன்மெழுகுதான் போடுவார். மலையிலிருந்து கொண்டுவந்த கறுப்பு உருண்டை ஒன்று வைத்திருந்தார், அதிலிருந்து நகத்தளவு கிள்ளிப் போடுவார். குபுக்கென்று ஒரு மஞ்சள் நெருப்பு எழும்பும். சர்ச்சும் சமையலறையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. இன்றைக்கும் யாராவது மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன்.

முதல் நாலு குண்டும் சுருங்கின சுண்டைக்காய் வற்றல் மாதிரி வந்தன.

"என்றா இது? கெழவி மூஞ்சியாட்ட இருக்குது" என்றார் பெரியப்பா.

"அச்சு இன்னும் சூடேறலைங்கய்யா. இன்னும் நாலஞ்சு ஊத்தித் தள்ளுனா அப்பறம் வழுவழுன்னு வருமுங்க."

"அச்சு மேல பழி போடாத. டவுன்ல லேத்துல குடுத்துக் கடைஞ்ச அச்சு அது. மெழுகுதான் சரியில்ல. அந்த லேத்துக்காரன் அன்னிக்கே சொன்னான், வெங்காரம் போடுங்க, பித்தளைக்கே நாங்க அதைத்தான் போடுறோம்னு."

நானும் அன்றைக்கு லேத்துப் பட்டறைக்குப் போயிருந்தேன். லேத்துக்காரர் டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினதை எட்டிப் பார்த்திருந்தேன். வெள்ளையாக, பாதி கண்ணாடி மாதிரி ஒரு கட்டி. அந்தத் தைரியத்தில்தான் மேலே சொன்ன விஞ்ஞானி வசனம். துடியலூர் நாட்டு மருந்துக்கடையில் வாங்கிவரச் சொல்லி என்னைச் சைக்கிளில் அனுப்பினார்கள்.

போக நாலு மைல், வர நாலு மைல், பங்குனி வெயில். வீட்டில் டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கேட் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவன், மோட்டார் ரூம் கதவைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்த்தேன். நிலைக்கு மேலே கறுப்புக் கயிற்றில் ஒரு கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணு படாமல் இருக்கக் கட்டுகிற திருஷ்டிக்கல். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். வேறு பெயர் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. கிணற்றங்கரை ஈரத்தில் பல வருஷமாகத் தொங்கி மேலெல்லாம் அழுக்கு. கல்லால் ஒரு தட்டுத் தட்டினேன். உள்ளே வெள்ளையாக, பாதி கண்ணாடி மாதிரி.

ஆகா என்றிருந்தது. எட்டு மைல் மிச்சம்.

கயிற்றைக் கிணற்றில் போட்டேன். கட்டியை நுணுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, ஒன்பது ஓவர் மேட்ச் பார்த்துவிட்டு, கடைக்குப் போய்வந்தவன் மாதிரி மூச்சிரைக்க ஓடிவந்து கொடுத்தேன். மூச்சிரைப்பு மட்டும் அருமையாக வந்தது.

அவர் காகிதத்தைப் பிரித்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "ஐயா, இது நசநசன்னு இருக்குதுங்க. ஒருக்கா வறுத்துப்போட்டுப் போடலாமுங்க."

"அச்சு காயலைங்கறே, மருந்து காயலைங்கறே. உனக்கு எதுதான்டா காஞ்சிருக்கோணும்? தொண்டையா?" என்றார் பெரியப்பா.

நான் சிரித்தேன். மற்றவர்களை விடச் சத்தமாகச் சிரித்தேன் என்று சொல்ல ஆசைதான்; மற்றவர்கள் என்று அங்கே யாரும் இல்லை. நான் மட்டும்தான் சிரித்தேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. கரண்டியை எடுத்த கை லேசாக நடுங்கியது. "கண்ணு, நீங்க தள்ளி நில்லுங்க" என்று என்னிடம் சொன்னார். நான் புளியமரத்துக்குப் பின்னால் போனேன். பெரியப்பா காகிதத்திலிருந்ததை அப்படியே ஈயத்தின்மேல் கவிழ்த்தார்.

"உள்ள அமுக்குறா."

அவர் கரண்டியால் அமுக்கினார்.

வெடிச் சத்தம் என்று சொல்ல முடியாது. பெரிய இருமல் மாதிரி ஒரு சத்தம். சட்டியிலிருந்து வெள்ளி மழை எழும்பி விழுந்தது. பெரியப்பாவின் வேட்டியில் ஏழெட்டுப் பொத்தல். கரண்டி பிடித்திருந்தவருக்குக் கையில், கழுத்தில், வெள்ளைச் சட்டை முழுக்க. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். கத்தவில்லை. "யேசுவே, யேசுவே" என்று மெதுவாக, யாரையோ எழுப்புகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். மரப்பட்டையில் ஒரு ஈயத்துளி ஒட்டிப் புகைந்துகொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்துக்கும் அதற்கும் ஒரு சாண்.

பெரியப்பாவே அவரைக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து பெரியம்மாவிடம் சொன்னார்: "ஈரக் கரண்டியை உட்டுப்போட்டான். கை எப்படி நடுங்குச்சுங்கறே? குடிச்சிருக்கான். எனக்குத் தெரியாதா?"

எனக்கு அப்படியே பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஈரக் கரண்டி! பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன். துப்பாக்கியைத் திங்கட்கிழமை ஸ்டேஷனில் ஒப்படைத்தாயிற்று. பன்றிகள் அன்றைக்கும் வந்து போயின.

செவ்வாய்க்கிழமை காலை பெரியப்பா வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் கண்ணாடியை மாட்டி ஷேவ் செய்துகொண்டிருந்தார். முடித்ததும் ஒரு வெள்ளைக் கட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் தேய்த்தார். பாதி கண்ணாடி மாதிரி.

"அதென்னுங்க பெரியப்பா?"

"படிகாரம். கத்தி பட்ட எரிச்சல் போயிரும்."

"வெங்காரம் இல்லீங்களா?"

"அதை மூஞ்சியில தேய்ப்பாங்களா? மோட்டார் ரூம்ல தொங்குதே, அதேதான் இது. ஏன்டா கேக்கறே?"

"சும்மாதானுங்க."

படிகாரத்துக்குள்ளேயே தண்ணீர் இருக்கும், உருகின ஈயத்துக்குள் அமுக்கினால் ஆவியாகிச் சீறும் என்பதெல்லாம் பிற்பாடு படித்தது; கோளாறு நான் கொடுத்த கட்டியில்தான் என்பது அப்போதே புரிந்தது. சொல்லியிருக்கலாம். அவர் முகம் பாதி ஈரமாக, கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது. நான் பல் விளக்கப் போனேன். ஏற்கெனவே விளக்கியிருந்தேன்.

புதன்கிழமை மோட்டார் காயில் புகைந்துவிட்டது. என்ன ஏது என்று பார்க்கப்போன பெரியப்பா நிலையை அண்ணாந்து பார்த்தார். திருஷ்டிக்கல் இல்லை. வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம். "சர்ச்சுக்குப் போறவனுக்கு நம்ம கல்லு கண்ணை உறுத்தியிருக்குது. கழட்டி எறிஞ்சிருக்கான். அதான் அவனுக்கும் பட்டுச்சு, மோட்டாருக்கும் பட்டுச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லு."

அவர் அப்போது கண்ணில் கட்டோடு ஓட்டறையில் படுத்திருந்தார். அன்று மத்தியானம், நான் பள்ளியிலிருந்து சாப்பிட வந்திருந்தபோது, மகள் பொடக்காளி வாசலுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, வரமாட்டாள்.

"ஏனுங்கம்மா, பரீட்சை முடியற வரைக்கும் இருந்துக்கறமுங்க. அப்பறம் ஒரு நாள்கூட இருக்க மாட்டமுங்க. எங்கப்பா குடிக்கலைங்க. அந்தக் கல்லை அவரு தொடவே இல்லைங்க."

"நான் என்ன அம்மணி பண்ணுறது? அவரு சொல்லிப்போட்டாரு" என்றார் பெரியம்மா. ஒரு தூக்குப்போசியில் குழம்பை ஊற்றி நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. ஜன்னலுக்குள் நான் நிற்பதை அவள் பார்த்தாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்போதுதான் எனக்கு வாழ்க்கையிலேயே பெரிய யோசனை ஒன்று வந்தது. கல் காணாமல் போனதுதானே பிரச்சினை? கல் திரும்பி வந்துவிட்டால்? பள்ளிக்கூடம் விட்டதும் நாட்டு மருந்துக்கடைக்கு இந்தத் தடவை நிஜமாகவே சைக்கிளை மிதித்தேன். "படிகாரம்" என்று தெளிவாகக் கேட்டு வாங்கினேன். புதுக் கறுப்புக் கயிற்றில் கட்டி, ஸ்டூல் போட்டு ஏறி, நிலைக்கு மேலே மாட்டினேன். பளபளவென்று தொங்கியது. இறங்கி நின்று பார்த்தபோது கண்ணே நிறைந்தது, நான் நல்லவன் என்று.

மறுநாள் காலையில் பெரியப்பா பார்த்தார். கல்லைப் பார்த்தார், பக்கத்தில் ஓட்டறையைப் பார்த்தார்.

"பாத்தியா? மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் புதுசா ஒண்ணை வாங்கியாந்து கட்டியிருக்கான். எடுத்தவன்தானே திருப்பி வைப்பான்? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஞாயித்துக்கெழமை கெடையாது. இன்னிக்கே."

நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். பெரியம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கிணற்றில் போட்ட கயிறு, மேட்ச், மூச்சிரைப்பு, ஸ்டூல். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.  அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"பெரியப்பாகிட்டச் சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத. உன்னை அவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு. ஆனா அப்பறம் அவரு அங்க போயி, நாஞ் சொன்னது தப்புன்னு அவன்கிட்ட நிக்கோணும். அது அவருனால ஆகாது கண்ணு. தோசை ஆறுது, தின்னுட்டுப் பள்ளிக்கோடம் போ."

தின்றேன். மூன்று தோசை.

மெயின் ரோட்டு ஸ்டாப்பில் அவர்கள் நின்றிருந்தார்கள். ஒரு தகரப்பெட்டி, ஒரு சாக்கு மூட்டை, பாடப்புத்தகங்கள் கட்டின ஒரு துண்டு. அவர் கண்ணில் வெள்ளைக் கட்டு, உடம்பில் அதே சட்டை, பொத்தலோடு. நான் பள்ளிக்கூடம் போகிற வழி அது. வேறு வழி இல்லை. சைக்கிளை நிறுத்தினேன். டவுனுக்குப் போகிற பஸ் லேட். ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடமும் என் கையில் இருந்தது. தோட்டம் அரை மைல் தூரம்தான், திரும்பி மிதித்திருந்தால் பஸ்ஸுக்கு முன்னால் பெரியப்பா முன் நின்றிருப்பேன்.

"பரீட்சை நல்லா எழுது" என்றேன் அவளிடம். வால்பாறைக்குப் போகிறவள் துடியலூரில் பரீட்சை எழுத முடியாது என்பது எனக்கே தெரியும். வாய்க்கு வந்தது அதுதான்.

அவள் புத்தகக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர்தான் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து, "நேரமாச்சு தம்பி, நீங்க போங்க, வாத்தியார் அடிப்பாரு" என்றார். பஸ் வந்தது.

அந்த வருஷம் நான் பாஸ். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே. பெரியப்பா ஊரெல்லாம் சாக்லெட் கொடுத்தார்.

இந்தக் கதையை நான் நிறைய இடத்தில் சொல்லியிருக்கிறேன். கல்யாண மண்டபங்களில், ரயிலில், ஆபீஸ் பார்ட்டியில். மூச்சிரைக்க ஓடிவந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரும். ஸ்டூல் போட்டு ஏறும் இடத்தில் இன்னும் பெரிய சிரிப்பு. பஸ் ஸ்டாப்பை அநேகமாக விட்டுவிடுவேன்.

போன வருஷம் சர்க்கரை பார்க்க ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் சீட்டில் என் பெயரையும் ஊரையும் பார்த்துவிட்டு, "நீங்க துடியலூர்ல பெரியப்பா தோட்டத்துல இருந்தீங்கதானுங்க?" என்றார். அந்த மகளேதான். தலை பாதி நரைத்திருந்தது. பத்தாவதை அக்டோபரில் எழுதினாராம். ஒரு வருஷம் போச்சு, அப்புறம் நர்ஸிங் என்றார். அப்பாவுக்கு அந்தக் கண்ணில் கடைசி வரைக்கும் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்ததாம்.

 பயம் வந்தால் எனக்கு ஜோக்தான் வரும், என்ன செய்ய. முழுவதையும் சொன்னேன். பெரியப்பா குரலில் பேசி, நான் மூச்சிரைத்ததை நடித்துக்காட்டி, பெரியம்மாவின் தோசை வரைக்கும் வந்து, "அந்தக் கட்டியைப் போட்டது நாந்தானுங்க" என்று முடித்தேன்.  அவர் ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தி, என் கையை மடக்கிவிட்டார். குப்பியில் என் பெயரை எழுதி ஒட்டினார்.

"நல்லாச் சொல்றீங்க. சொல்லிச் சொல்லிப் பழக்கமாட்ட இருக்குது" என்றார். "எங்கப்பா செத்து நாலு வருசந்தானுங்க ஆகுது. அது வரைக்கும் வால்பாறையிலதான் இருந்தாரு. பஸ்ஸு தெனமும் போகுதுங்க."